வெயில் ஊரில் குளிரும் பிள்ளை

சித்திரை மாதத்து மதியம். யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் விறாந்தைச் சீமெந்தே கொதிக்கிறது. வீட்டிலுள்ள எல்லோரும் மின்விசிறிக்குக் கீழே ஒதுங்கியிருக்கிறார்கள். முந்தினநாள் பெரியாஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த பிள்ளை மட்டும் தொப்பியும் காலுறையும் போட்டபடி கிடக்கிறது. நிறை இன்னும் இரண்டு கிலோவைத் தொடவில்லை. பார்க்க வந்த பெரியம்மா பொறுக்கமாட்டாமல் சொல்கிறார்: "இந்த அவியலுக்கை ஏன் பிள்ளை தொப்பி? கழட்டிவிடு, காத்துப் படட்டும்." அக்கறையில் சொன்னதுதான். தாயும் கழற்றிவிடுகிறாள். சற்று நேரம் கழித்து உள்ளங்காலைத் தொட்டால் சில்லென்றிருக்கிறது.

குறைமாதப் பிள்ளை வந்த வீடுகளில் இந்த வாக்குவாதம் ஏதோ ஒரு வடிவத்தில் எழுகிறது. 37 கிழமை நிறைய முன்னர் பிறப்பதைக் குறைமாதப் பிறப்பு என்கிறோம். உலகத்தில் ஏறக்குறையப் பத்துப் பிள்ளைகளில் ஒன்று அப்படித்தான் பிறக்கிறது. 2020இல் மட்டும் 1 கோடியே 34 இலட்சம் பிள்ளைகள். விடுதியில் தாதியர் "சூடா வைச்சிருங்கோ" என்று சொல்லி அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்தால் "இந்த ஊரில் என்ன குளிர்?" என்கிறார்கள். தாதியர் சொல்வதுதான் சரி. ஆனால் ஏன் சரி என்று யாரும் ஆறுதலாக உட்கார்ந்து விளக்குவதில்லை. காரணம் விளங்காத அறிவுரை, வயதில் மூத்த ஒருவர் மறுத்துச் சொன்னவுடன் தோற்றுப்போகும். அதனால் காரணத்தை முழுதாகப் பார்ப்போம்.

ஒடியற்கூழ் காய்ச்சிய பானை இரண்டு மணி நேரம் கழித்தும் கைசுடும். அதே கூழைப் பிளாவில் வார்த்தால் குடித்து முடிக்கும் முன்பே ஆறிவிடும். கூழ் ஒன்றுதான், அடுப்பும் ஒன்றுதான். பிளாவில் உள்ள கூழ் கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சத்துக்குக் காற்றுப் படும் பரப்பு அதிகம். பண்டம் சிறுக்கச் சிறுக்க, உள்ளே இருக்கும் சூட்டின் அளவோடு பார்க்கையில் அது வெளியேறும் பரப்பு பெருகும். 70 கிலோ தகப்பனும் 1.8 கிலோப் பிள்ளையும் ஒரே அறையில் இருக்கும்போது, கிலோவுக்குக் கிலோ கணக்குப் பார்த்தால், பிள்ளையின் தோற்பரப்பு தகப்பனுடையதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதிலும் தலையின் பங்கு பெரிது. பெரியம்மா கழற்றச் சொன்ன தொப்பி மூடியிருந்தது அந்தப் பங்கைத்தான்.

தோலும் இன்னும் பக்குவப்படவில்லை. நீரை உள்ளே தடுத்துவைக்கும் மேல்தோல் கருப்பையின் கடைசிக் கிழமைகளில்தான் தடிக்கிறது. முன்கூட்டிப் பிறந்த பிள்ளையின் மெல்லிய தோலூடாக நீர் கசிந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும், ஆவியாகும் நீர் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். எவ்வளவு சூடு? ஒரு தேக்கரண்டித் தண்ணீர் பிள்ளையின் மேலிலேயே காய்ந்துபோவதாக வைத்துக்கொள்வோம். அதற்கு வேண்டிய சூடு முழுவதும் பிள்ளையின் உடலிலிருந்தே வந்தால், இரண்டு கிலோப் பிள்ளையின் வெப்பநிலை ஒன்றரைப் பாகைக்கு மேல் இறங்கிவிடும். குளிப்பாட்டியபின் துடைக்காமல் விட்ட ஈரத் தலைமயிரில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் தாராளமாகத் தேங்கும். மின்விசிறிக் காற்று அந்த ஆவியாதலை விரைவுபடுத்தும். நமக்கு வியர்வை காய்ந்து சுகமாக இருக்கும் அதே காற்றில்தான் பிள்ளை சூட்டை இழக்கிறது.

சூடு போவது இப்படி. சூடு பிறப்பது எப்படி? நாம் குளிர்ந்தால் நடுங்குவோம். தசைகள் துடித்துச் சூடு உண்டாக்கும். பிறந்த பிள்ளைக்கு அப்படி நடுங்க வராது. அதற்குப் பதிலாகத் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்திலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் கபிலக் கொழுப்பு என்ற தனிவகைக் கொழுப்பு இருக்கிறது. சாதாரணக் கொழுப்பு சேமிப்பு. கபிலக் கொழுப்பு எரிந்து நேரடியாகச் சூட்டைத் தரும் அடுப்பு. இதைத் தெரிந்துகொண்டது முயல் குட்டிகளிடமிருந்து. 1960களில் இங்கிலாந்தில் டேவிட் ஹல் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் பிறந்த முயல் குட்டிகளைக் குளிரில் வைத்து, அவை எங்கிருந்து சூடு உண்டாக்குகின்றன என்று அளந்தார்கள். கபிலக் கொழுப்பை அகற்றிய குட்டிகளால் குளிருக்கு ஈடுகொடுத்துச் சூடு உண்டாக்க முடியவில்லை. மனிதப் பிள்ளைக்கு இந்தக் கொழுப்பு பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் சேர்கிறது. 32 கிழமையில் பிறந்த பிள்ளை அந்தச் சேமிப்பின் பெரும்பகுதி சேருமுன்னரே வந்துவிட்டது.

இருக்கிற கொஞ்சத்தை எரிக்கவும் ஒட்சிசனும் குளுக்கோசும் வேண்டும். குளிர்ந்த பிள்ளை தன் பாலைச் சூட்டுக்கே செலவழிக்கும், நிறை ஏறாது. இரத்தச் சர்க்கரை இறங்கினால் சோர்ந்து தூங்கும். தூங்கினால் பால் குடிக்காது. குடிக்காவிட்டால் இன்னும் குளிரும். "பிள்ளை நல்ல பிள்ளை, அழுகையே இல்லை, எப்பவும் நித்திரை" என்று மகிழும் வீட்டில் சில வேளை உள்ளே நடந்துகொண்டிருப்பது இந்தச் சுழல்தான். குறைமாதப் பிள்ளையின் அமைதியைக் கேட்டால் எனக்குப் பயம்தான் வரும்.

இதெல்லாம் மருத்துவர்களுக்கே நீண்டகாலம் தெளிவாக இருக்கவில்லை. சண்டிலிப்பாய்க்கு அயலூரான மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1857இல் 'பிரசவ வைத்தியம்' என்ற நூலைத் தமிழில் அச்சேற்றியபோது, குறைமாதப் பிள்ளைக்குச் செய்ய உலகத்தின் எந்தப் பேர்பெற்ற மருத்துவரிடமும் பெரிதாக ஒன்றும் இல்லை. 1880 அளவில் பாரிஸ் மகப்பேற்று மருத்துவர் ஸ்டெஃபான் தார்னியே, கோழிக்குஞ்சு பொரிக்க வைக்கும் பெட்டியைப் பார்த்துப் பிள்ளைகளுக்கும் ஒன்று செய்வித்தார். நம் ஊரில் "பிள்ளையைப் பெட்டிக்குள்ளை வைச்சிருக்கினம்" என்கிறார்களே, அந்தப் பெட்டியின் தொடக்கம் அதுதான். ஆனால் பெட்டிக்குள் எத்தனை பாகை இருக்க வேண்டும் என்பது இன்னும் பல பத்தாண்டுகளுக்கு ஊகமாகவே கிடந்தது. குறைமாதப் பிள்ளையின் உடல் குளிர்ந்திருப்பது அதன் இயல்பு என்று நம்பியவர்களும் இருந்தார்கள்.

அந்த ஊகத்தை உடைத்தவர் நியூயோர்க்கின் வில்லியம் சில்வர்மன். 1958இல் அவரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில் குறைமாதப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறுக்குப் பெட்டியின் வெப்பநிலை ஏறக்குறைய 29 பாகை செல்சியஸ், மற்றதற்கு 32 பாகை அளவில். மற்றப் பராமரிப்பு எல்லாம் ஒன்றே. சூடான பெட்டியில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் கூடுதலாகத் தப்பினார்கள். மூன்று பாகை வித்தியாசம், அவ்வளவுதான். மருந்து இல்லை, ஊசி இல்லை.

அந்த 29 பாகை என்ன வெப்பநிலை என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு சாதாரண நாள், அவ்வளவுதான். "இந்த ஊரில் என்ன குளிர்?" என்ற கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. உடல் தன்னைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் மேலதிகமாக எதையும் செலவழிக்காமல் இருக்கக்கூடிய ஒரு வெப்பநிலை வீச்சு எல்லோருக்கும் உண்டு. அதை இதவெப்ப எல்லை என்று சொல்லலாம். உடுப்பில்லாத வளர்ந்தவருக்கு அது 28 பாகையைச் சுற்றி அமையும். உடுப்பில்லாத சின்னக் குறைமாதப் பிள்ளைக்கு 33 பாகை அளவில். ஒரே அறைதான், நமக்கு இதம், பிள்ளைக்குக் குளிர். மார்கழியில் வாடைக்காற்று வீசும் இராத்திரிகளில், வயல்வெளிப் பக்கத்து வீடுகளில், இந்த இடைவெளி இன்னும் அகலும்.

அப்படியானால் ஏன் பிள்ளையைப் பெட்டியிலிருந்து எடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள்? நிறையை மட்டும் பார்த்து அனுப்புவதில்லை. திறந்த தொட்டிலில் உடுப்போடு தன் சூட்டைத் தானே காக்கிறதா, முழுப் பாலையும் வாயாலேயே குடிக்கிறதா, நாளுக்கு நாள் நிறை ஏறுகிறதா, மூச்சு இடையில் நிற்காமல் சில நாட்கள் தொடர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இவையெல்லாம் சரியென்றால் தேறியிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் கையிருப்பு இன்னும் மிகக் குறைவு. விடுதியில் பெட்டியும் தாதியரும் செய்த வேலையின் மிச்சத்தை இனி வீடு செய்ய வேண்டும், அதற்கு வீட்டில் ஒரு நல்ல கருவி ஏற்கெனவே இருக்கிறது.

அந்தக் கருவியின் அருமையை உலகுக்குக் காட்டியது பணக்கார நாடு அல்ல. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவரின் வைத்தியசாலையில் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள். ஒன்றின் கிருமி மற்றதற்குத் தொற்றியது. அவர் பிள்ளைகளை உடுப்பில்லாமல் தாயின் வெறும் நெஞ்சில் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டி, அப்படியே வீட்டுக்கும் அனுப்பத் தொடங்கினார். கங்காரு தாய்ப் பராமரிப்பு என்ற பெயர் அப்படி வந்தது. மின்சாரம் பல ஆண்டுகள் அறுந்து கிடந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்ந்தவர்களுக்கு, மின்சாரம் வேண்டாத ஒரு வழியின் பெறுமதியைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஏழைகளின் ஏற்பாடு, பெட்டி இல்லாதவர்களுக்கு ஒரு மாற்று என்றுதான் பலர் இதை நினைத்தார்கள். அந்த எண்ணம் சரியா என்று பார்க்க உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தியது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 பிள்ளைகள். ஒரு கூறு வழமைப்படி முதலில் பெட்டியில், உடல்நிலை நிலைத்தபிறகு தாயின் நெஞ்சில். மற்றக் கூறு பிறந்தவுடனேயே தாயின் நெஞ்சில். முதற்கூறில் 28 நாட்களுக்குள் நூற்றுக்கு 15.7 பிள்ளைகள் இறந்தன, மற்றதில் 12.0. வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தபின் ஒரு கூறுக்கு மட்டும் அதை மறுப்பது முறையில்லை என்று ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். முடிவு 2021இல் வெளியானது. பெட்டி வசதி இருக்கும் இடத்திலும் தாயின் நெஞ்சு முந்திக்கொண்டது.

வீட்டுக்கு நேராகப் பொருந்தும் ஆய்வு இந்தியாவின் ஹரியானாவில் நடந்தது, 2019இல் வெளிவந்தது. 1.5 கிலோவுக்கும் 2.25 கிலோவுக்கும் இடைப்பட்ட 8,402 பிள்ளைகள். வைத்தியசாலையில் அல்ல, கிராமத்து வீடுகளில், சுகாதாரப் பணியாளர்கள் வந்து தாய்க்கும் குடும்பத்துக்கும் நெஞ்சில் வைக்கும் முறையைக் காட்டிக்கொடுத்தார்கள். அந்த வீடுகளில் முதல் மாதத்து இறப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைந்த அளவால் வீழ்ந்தது. பொகோட்டாவில் 1990களில் ஆய்வுக்குட்பட்ட பிள்ளைகளை இருபது வயதில் தேடிப்போய்ப் பார்த்தபோது, நெஞ்சில் வளர்ந்தவர்கள் பாடசாலைக்குச் செல்லாமல் விட்டதும் குறைவு, துருதுருவென்று அடங்காத நடத்தையும் குறைவு என்று கண்டார்கள்.

ஏன் இவ்வளவு பலன்? சூடு ஒரு பங்கு மட்டுமே. பிள்ளை குளிர்ந்தால் தாயின் மார்புத் தோல் தானாகவே சற்றுச் சூடேறுகிறது என்று அளந்து கண்டிருக்கிறார்கள். இரட்டைப் பிள்ளைகளை இரு பக்கமும் வைத்தபோது ஒவ்வொரு பக்கமும் அந்தந்தப் பிள்ளைக்கு ஏற்பத் தனித்தனியே மாறியது. அதோடு தாயின் தோலிலுள்ள பழகிய நுண்ணுயிர்கள் பிள்ளையின் மேலில் குடியேறி வைத்தியசாலைக் கிருமிகளுக்கு இடம் கொடுப்பதில்லை. பாலும் கூடச் சுரக்கும்.

செய்முறை எளிது. பிள்ளைக்கு நப்கினும் தொப்பியும் காலுறையும் மட்டும். தாய் சாய்ந்திருக்க, இரு மார்புகளுக்கும் நடுவில் நிமிர்த்தி, கை கால்கள் தவளைபோல் மடங்கியிருக்க, தலையை ஒரு பக்கம் திருப்பி, நாடி சற்று உயர்ந்திருக்க வைத்து, சேலைத் துணியால் காது மட்டத்துக்குக் கட்ட வேண்டும். மூக்கும் வாயும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு நாளில் எட்டு மணி நேரமாவது, முடிந்தால் நாள் முழுவதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஒரு தாயால் மட்டும் இது முடியாது. அவள் குளிக்க வேண்டும், காயமும் சரக்குக்கறியும் சாப்பிட வேண்டும், நித்திரை கொள்ள வேண்டும். தகப்பனின் நெஞ்சும் அம்மம்மாவின் நெஞ்சும் அதே வேலையைச் செய்யும். நம் ஊர் வீடுகளில் ஆண்கள் சாரத்தோடு வெறும் மேலில் இருப்பது வழமை. பாதி ஏற்பாடு ஏற்கெனவே ஆகிவிட்டது. தகப்பனிடம் பிள்ளையைக் கொடுக்கத் தயங்காதீர்கள்.

அதிகச் சூடும் ஆபத்துத்தான். போர்வை மேல் போர்வை போடுவதும், சுடுநீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைப்பதும், வெயிலில் கிடத்துவதும் வேண்டாம். கமக்கட்டில் வெப்பமானி வைத்தால் 36.5க்கும் 37.5க்கும் இடையில் காட்ட வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் கை இருக்கிறது: புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் இளஞ்சூடு என்றால் நலம். வயிறு சூடு, பாதம் குளிர் என்றால் உடல் குளிரோடு போராடுகிறது. உடனே நெஞ்சில் வையுங்கள். வயிறும் குளிர்ந்திருந்தால் அது வைத்தியசாலைக்குரிய நிலை. குளிப்பாட்டுவதைத் தள்ளிப்போட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தாலே போதும். மூக்கை உருவி நேராக்குவதும் தண்ணீர் வார்த்துப் பிடித்துவிடுவதும் இந்தப் பிள்ளைக்கு ஆகாது.

ஹரியானாவில் ஆய்வுக்காகப் பணியாளர்களைப் பயிற்றி வீடுவீடாக அனுப்ப வேண்டியிருந்தது. இலங்கையில் அந்த ஏற்பாடு 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவின் வழியாக நாடெங்கும் வேர்விட்டிருக்கிறது. சண்டிலிப்பாய் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குடும்பநல உத்தியோகத்தர், ஊரார் பேச்சில் மிட்வைஃப், இருக்கிறார். பிள்ளை பிறந்த வீட்டுக்கு அவர் தேடிவருவது கடமை. குறைமாதப் பிள்ளை வீட்டுக்கு வரும் அன்றைக்கே அவருக்குச் செய்தி சொல்லிவிடுங்கள். விடுதியில் கழித்த நாட்களால் அவருடைய வழமையான வருகைக் கணக்கு பிந்தியிருக்கலாம். வந்தவரை நிற்கவைத்தே அனுப்பாமல், பிள்ளையை நெஞ்சில் கட்டிக் காட்டச் சொல்லுங்கள், பால் குடிப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சூட்டுக்கு அடுத்தது மூச்சு. மூச்சை ஒழுங்காக நடத்தும் மூளைத்தண்டு இந்தப் பிள்ளைகளுக்கு முற்றவில்லை. சில விநாடி நின்று, பிறகு வேகமாக மூச்சுவிடுவது சாதாரணம். இருபது விநாடிக்கு மேல் நின்றால், அல்லது நின்று உதடு நீலம் பாய்ந்தால் அது மூச்சிடைநிற்றல். விடுதியில் இதற்குக் கொடுக்கும் மருந்து கஃபீன், கோப்பியில் இருக்கும் அதே பொருள். 2,006 பிள்ளைகளைக் கொண்ட பன்னாட்டு ஆய்வு ஒன்று, கஃபீன் பெற்ற பிள்ளைகளுக்கு நுரையீரல் பாதிப்பும் பின்னாளைய வளர்ச்சிக் குறைபாடும் குறைந்ததை 2006லும் 2007லும் காட்டியது. அதற்காக வீட்டில் கோப்பித் தண்ணீர் தொட்டுவைக்கக் கூடாது. அளவு தவறினால் நஞ்சு. பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போட்ட ஊசி எதற்கென்று பலர் கேட்பார்கள். நியூசிலாந்தில் லிகின்ஸ் என்பவர் செம்மறியாடுகளில் வேறொன்றை ஆராயும்போது, ஸ்டீரோய்ட் பெற்ற குறைமாதக் குட்டியின் நுரையீரல் எதிர்பாராமல் விரிந்து மூச்சுவிட்டதைக் கவனித்தார். 1972இல் அவரும் ஹோவி என்ற மருத்துவரும் தாய்மாரில் அதை நிறுவினார்கள். அந்த ஊசிதான் பிள்ளையின் நுரையீரலை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தியது.

மூச்சுக்காக வீட்டில் மாற்ற வேண்டியது ஏணை. ஏணையில் பிள்ளை நாடி நெஞ்சில் முட்ட வளைந்து கிடக்கும். இந்தப் பிள்ளையின் மூச்சுக்குழல் மெதுமையானது. கழுத்து மடிந்தால் அதுவும் மடியும். மேலை நாடுகளில் குறைமாதப் பிள்ளைகளைக் கார் ஆசனத்தில் சாய்த்து இருத்தியபோது இரத்த ஒட்சிசன் இறங்குவதைக் கண்டார்கள். அங்கும் காரணம் இதே வளைவு. தட்டையான, இறுக்கமான படுக்கையில், தலையணை இல்லாமல், மல்லாக்கக் கிடத்துங்கள். சில மாதங்கள் கழித்து ஏணை கட்டலாம். சாம்பிராணிப் புகையும் நுளம்புத்திரியும் விறகடுப்புப் புகையும் இந்த நுரையீரலுக்கு வேண்டாம். நுளம்புக்கு வலை இருக்கிறது.

பால் விடயத்தில் நம் பழக்கத்தில் ஒரு நல்லது உண்டு: சங்கு. உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் மூன்றையும் இசைவிக்கும் திறன் 34 கிழமை அளவில்தான் வருகிறது. வந்தபிறகும் பிள்ளை மார்பில் சீக்கிரம் களைத்துவிடும். மார்பில் குடித்த மிச்சத்தைப் பீய்ச்சியெடுத்து, கொதிக்கவைத்துக் கழுவிய சங்காலோ சின்னக் கோப்பையாலோ பருக்கலாம், போத்தல் வேண்டாம். நித்திரை கொண்டாலும் இரண்டு மூன்று மணிக்கொருதரம் எழுப்பிக் கொடுக்க வேண்டும். இரும்புச்சத்தும் கடைசி மூன்று மாதத்துச் சேமிப்பே. தாய்ப்பால் எவ்வளவு நல்லதென்றாலும் அந்தக் குறையை நிரப்பாது, ஆகவே கிளினிக்கில் தரும் துளிகளை நிறுத்தக் கூடாது.

நோயெதிர்ப்புப் புரதங்கள் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவதும் பெரும்பாலும் அதே காலத்தில்தான். தடிமன் பிடித்தவர் தூக்கிக் கொஞ்சினால் பிள்ளைக்கு அது நியுமோனியாவாகலாம். துடக்கு என்று முப்பத்தொரு நாள் வீட்டை ஒதுக்கிவைப்பது நோக்கம் வேறாயினும் ஒரு காவலாகவே அமைந்திருக்கிறது. ஆனால் குறைமாதப் பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் வரும்போது அது துண்டு வெட்டி வந்து ஒரு கிழமைகூட ஆகியிருக்காது. அன்றைக்கு ஊரையெல்லாம் கூட்டுவது பொருத்தமில்லை. ஐயரைக் கொண்டு துடக்கைக் கழித்துவிட்டு, விருந்தைப் பிள்ளை பிறந்திருக்க வேண்டிய திகதிக்குப் பிறகு வைத்தால் யாரும் குறைநினைக்கப் போவதில்லை.

அந்தத் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். இந்தப் பிள்ளைக்கு வயது இரண்டு. பிறந்த நாளிலிருந்து எண்ணுவது ஒன்று, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணும் திருத்திய வயது மற்றது. எட்டுக் கிழமை முந்திப் பிறந்த பிள்ளை ஆறு மாதத்தில் செய்ய வேண்டியதை எட்டாம் மாதத்தில் செய்தால் அது பிந்தவில்லை. சிரிப்பது, கழுத்து நிற்பது, இருப்பது, நடப்பது எல்லாவற்றையும் இரண்டு வயது மட்டும் திருத்திய வயதால் அளக்க வேண்டும். சித்தியின் பிள்ளையோடு ஒப்பிட்டுத் தாயைக் கலங்கவைக்க வேண்டாம். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த நாள்தான் கணக்கு: இரண்டாம் மாத ஊசி இரண்டாம் மாதத்திலேயே. பிள்ளை சின்னது என்று பிந்தவிடுவது, பாதுகாப்பு மிகக் குறைந்தவரைப் பாதுகாப்பின்றி விடுவதாகும்.

மூச்சு நிமிடத்துக்கு 60க்கு மேல் ஓடினால், நெஞ்சு உள்ளிழுத்தால், இரண்டு முறை தொடர்ந்து பால் மறுத்தால், உள்ளங்கால் மஞ்சளித்தால், வலிப்பு வந்தால், துவண்டு கிடந்தால், கிளினிக் நாளைக்குக் காத்திராமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை பிள்ளை நெஞ்சிலேயே இருக்கட்டும்.

கடைசியாகக் கண். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் தவறவிடப்படுவது இதுதான். விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கண்ணின் பின்புறத்து நடுவிலிருந்து ஓரம் நோக்கி வளர்ந்து, 40 கிழமை அளவில்தான் விளிம்பை எட்டுகின்றன. முந்திப் பிறந்தால் அந்த வளர்ச்சி தடைப்பட்டு, பிறகு தாறுமாறாகக் கிளம்பி, விழித்திரையையே பெயர்த்துவிடலாம். 1940களில் அமெரிக்காவில் நல்ல வசதியுள்ள வைத்தியசாலைகளில்தான் இது கூடுதலாகக் காணப்பட்டது. அது எல்லோரையும் குழப்பியது. 1951இல் மெல்பேர்ன் மருத்துவர் கேற் காம்பெல், தாராளமாகக் கொடுக்கப்பட்ட ஒட்சிசனே காரணமாக இருக்கலாம் என்று காட்டினார். ஒட்சிசன் அப்போது விலைகூடிய வசதி. வசதியுள்ள இடத்துப் பிள்ளைகளுக்கே அது நிறையக் கிடைத்தது. 1953இல் அமெரிக்காவில் பல வைத்தியசாலைகள் சேர்ந்து தொடங்கிய ஆய்வு அதை உறுதிசெய்தது. அதற்குள் உலகெங்கும் ஏறக்குறைய 10,000 பிள்ளைகள் பார்வையிழந்திருந்தார்கள். பிறகு பயத்தில் ஒட்சிசனை அளவுக்கு மீறிக் குறைத்தபோது, மூச்சுக்குத் தவித்த பிள்ளைகள் இறந்தார்கள். இன்று ஒட்சிசனை அளந்து கொடுக்கிறார்கள். ஆனாலும் மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு நோய் முற்றாக நீங்கவில்லை.

இந்தியாவின் வழிகாட்டலின்படி 34 கிழமைக்கு முன் பிறந்த, அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு முதற் கண்சோதனை நான்கு கிழமைக்குள் நடக்க வேண்டும், மிகச் சிறியவர்களுக்கு அதற்கும் முந்தி. நம் பிள்ளைக்கு எந்த நாள் என்பதைத் துண்டு வெட்டும்போது எழுதித் தருவார்கள். அந்த நாளில் பிள்ளை வீட்டில் நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் ஒன்றும் தெரியாது. முப்பத்தொன்று முடியட்டும், மழை விடட்டும் என்று தள்ளிப்போடத் தோன்றும். தள்ளிப்போடக் கூடாது: நோய் தீவிரமாகும் கட்டத்தில் இலேசர் சிகிச்சைக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நாள் அவகாசம் மட்டுமே. முதற்சோதனையில் ஒன்றுமில்லை என்றாலும், குழாய்கள் விளிம்பை எட்டும்வரை திரும்பத் திரும்ப வரச் சொல்வார்கள். சண்டிலிப்பாயிலிருந்து பெரியாஸ்பத்திரி ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர். பிள்ளையை நெஞ்சில் கட்டியபடி ஓட்டோவில் போய்வரலாம். சோதனைக்குச் சற்று முன் பால் கொடுக்க வேண்டாம் என்பார்கள். கண்மணியை விரிக்கத் துளிமருந்து விட்டு, இமையை விரித்துப் பிடித்துப் பார்ப்பார்கள். பிள்ளை அழும், சில நிமிடத்தில் முடிந்துவிடும். அன்றைக்குக் கொஞ்சம் சோர்ந்திருந்தால் திரும்பவும் நெஞ்சில் வைத்திருந்து, சிறிது சிறிதாகப் பால் கொடுங்கள். அடுத்த சோதனைக்குரிய நாளையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.